ஓட்டை சைலன்சரின் ரசிகர்கள்

பரணுக்குள் இடுப்புவரை நுழைந்துவிட்ட லூர்துராஜின் கால்கள் மட்டும் ஸ்டூல்மேல் தெரிந்தன.

"கிடைச்சுதா?" என்று கீழேயிருந்து கேட்டாள் மனைவி விக்டோரியா.

"கிறிஸ்மஸ் குடில் இருக்கு. கைப்பிடி போன குக்கர் இருக்கு. என் கேசட்டை மட்டும் காணோம்."

"அப்ப நான் வேண்டாததை மட்டும் கரெக்டாத்தான் தூக்கிப் போட்டிருக்கேன்."

லூர்துராஜ் ஒரு மிஷன் பள்ளியில் தலைமை எழுத்தர். முப்பது வருஷத்துக்கு முன்னால், காளவாசலில் இதே வீட்டின் கார் ஷெட்டில், 'ஓட்டை சைலன்சர்' என்ற பங்க் ராக் பேண்டின் பாடகர். தமிழ்நாட்டில் பங்க் இசை தன் ஷெட்டில்தான் பிறந்தது என்பார். அங்கேயே செத்தது என்பதைச் சொல்லமாட்டார். 'கரண்ட் போச்சு', 'கரண்ட் வந்துருச்சு', 'மறுபடியும் போச்சு' என்று மூன்று ஆல்பங்கள், மூன்றும் கேசட். அவற்றுக்கு வந்த ஒரே விமர்சனம், எதிர்வீட்டு ஜாய்ஸ் அக்கா ஷெட்டுமேல் எறிந்த கல்.

நேற்று சமயநல்லூரிலிருந்து ராம்கி என்று ஒருவர் போன் செய்தார்.

"அண்ணே, உங்க ஆல்பத்தையெல்லாம் தேயத் தேயப் போட்டவங்க நாங்க. டேப்பே அறுந்துபோச்சு. ஞாயித்துக்கெழம எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம். அன்னைக்கு அது ஓடணும்ணே. சனிக்கெழம நேர்ல வந்து ஒரு கேசட் வாங்கிட்டு, உங்களுக்கு நன்றியும் சொல்லிட்டுப் போறோம்."

லூர்துராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா விக்டோரியா? ரசிகர்!"

"ராங் நம்பரா இருக்கும்."

"பேண்டு பேரைச் சொல்றாருடி!"

முப்பது வருஷமாக ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருந்த மனிதர், கொடுக்க ஒரு கேசட் இல்லாமல் நின்றார்.

அந்தக் காலத்து டிரம்மர் சேக் இஸ்மாயில் இப்போது பெட்டிக்கடை... இல்லை, சூட்கேஸ், பேக் விற்கிற கடை வைத்திருக்கிறார். பெட்டிக்கடை என்றால் கோபம் வரும். அவர் வீட்டு பீரோவில் 'கரண்ட் போச்சு' பத்திரமாக இருந்தது. டேப் ரெக்கார்டரில் போட்டார்கள். கிடார் கிறீச்சிட்டது. லூர்துராஜ் சிலிர்த்தார். அடுத்த நொடி ஒரு பெண்குரல்: "அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. இங்க எல்லாரும் சொகம். மழைதான் இல்ல..."

இஸ்மாயிலின் மனைவி அஜ்மல் பீவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார். "துபாய்ல இருந்த தம்பிக்குப் பேசி வெச்சேன். அனுப்புறதுக்குள்ள அவனே திரும்பி வந்துட்டான்."

"எங்க பாட்டு மேலயாக்கா பேசுனீங்க?"

"பாட்டா? நான் கெட்டுப்போன கேசட்டுன்னுல்ல நெனச்சேன்!"

கிடாரிஸ்ட் ஜெர்சனிடம் ஓடினார்கள். அவர் இப்போது சர்ச் கொயர் மாஸ்டர்.

"நான் ரட்சிக்கப்பட்ட அன்னைக்கே எரிச்சுட்டேன் மாப்ள."

"மூணையுமா?"

"மூணாவது எரிய ரொம்ப நேரமாச்சு. அதுக்குத் தனியா ஜெபம் பண்ணவேண்டியதாப் போச்சு." பிறகு மனமிரங்கினார். "எதுக்குக் கலங்குற? நாமதான உயிரோட இருக்கோம்? திரும்ப ரெக்கார்டு பண்ணிருவோம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷெட்டில் கூடினார்கள். முதல் பாட்டு மின்வெட்டின்மேல் கோபம். லூர்துராஜுக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. இஸ்மாயில் முழங்கால் வலியோடு அடித்ததில் பாட்டு நடைவண்டிபோல் போனது. ஜெர்சன்தான் பெரிய சிக்கல். இத்தனை வருஷம் கொயரில் வாசித்த விரல், எந்தப் பாட்டை ஆரம்பித்தாலும் சரியாக ஆமெனில் கொண்டுபோய் முடித்தது.

"மாப்ள, அசிங்கமா வாசிடா!"

"வர மாட்டேங்குதே மாப்ள. அம்புட்டும் சுதியோடதான் வருது."

சத்தம் போதாதென்று கதவைத் திறந்துவைத்தார்கள். ஜாய்ஸ் அக்கா வந்து நின்றார். லூர்துராஜ் கல்லை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்தார். அக்கா முக்காடிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார். "ஜெபக்கூட்டம்னு சொல்லவே இல்லயே தம்பி!"

'மறுபடியும் போச்சு' என்று லூர்துராஜ் கதறிய இடத்தில், அக்காவின் "அல்லேலூயா" தெளிவாகப் பதிவாகிவிட்டது. ஜெர்சன் அதை அழிக்க மறுத்துவிட்டார்.

மறுநாள் ராம்கியும் அவர் மனைவி திவ்யாவும் வந்தார்கள். தட்டில் வேட்டி சட்டை, பூ, பழம், ஸ்வீட் பாக்ஸ். லூர்துராஜ் வேண்டாம் வேண்டாமென்று சொல்லச் சொல்லக் காலில் விழுந்தார்கள்.

"நீங்க இல்லாட்டி நாங்க இல்லண்ணே," என்றார் ராம்கி.

லூர்துராஜ் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அதில் முப்பது வருஷம் இருந்தது.

பென் டிரைவைச் செருகிப் பாட்டை ஓடவிட்டார். இருவரும் கவனமாகக் கேட்டார்கள். பாதியிலேயே திவ்யாவின் முகம் வாடியது.

"என்னம்மா, பிடிக்கலையா?"

"நல்லா இருக்குண்ணே," என்றாள் திவ்யா வருத்தத்தோடு. "வார்த்தையெல்லாம் புரியுது. ஆனா எங்களுக்கு அந்தப் பழசுதான் வேணும்."

லூர்துராஜ் நெஞ்சை நிமிர்த்தினார். ஒரிஜினலின் ஆன்மாவை அறிந்த ரசிகை!

விக்டோரியாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அந்தப் பழசுல அப்படி என்னம்மா இருந்துச்சு?"

திவ்யா வெட்கப்பட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"இவரு பக்கத்து வீடுக்கா. எங்கப்பா ஹால்லயே உக்காந்திருப்பாரு. இந்தண்ணன் கேசட்டைப் போட்டாத்தான், நாங்க ஜன்னல்ல பேசுறது அவருக்குக் கேக்காது. கல்யாணம் வரைக்கும் அப்படியே பேசியே ஓட்டிட்டோம். அண்ணே, சத்தியமாச் சொல்றேன், அதுல ஒரு பாட்டைக்கூட நாங்க கேட்டதே இல்ல!"