கலேடியத்துக்கு மங்கி குல்லா

செடிக்கும் ஜலதோஷம் பிடிக்கும் என்று இருபத்திரண்டு வயதில் நான் உறுதியாக நம்பினேன். படிக்காதவன் என்று நினைத்துவிடாதீர்கள். பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருஷமாகச் சும்மா இருந்தவன். (சும்மா இருப்பதற்குத் திருவண்ணாமலையை விட்டால் வேறு ஊர் கிடையாது. அங்கே அதற்குத் தியானம் என்று பெயர்.)

எழுபதுகளின் கடைசி. செங்கம் ரோட்டில் எல்சா அம்மா என்ற ஐரோப்பியப் பெண்மணி வாடகைக்கு இருந்தார். பருத்திப் புடவை, சந்தையில் பேரம் பேசியே கற்றுக்கொண்ட தமிழ். வாசலில் ஏழு தொட்டிகளில் கலேடியம் வளர்த்தார். சேம்பு இலை மாதிரி அகலமான இலை, நடுவில் மட்டும் ரத்தச் சிவப்பு. பெங்களூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தவை.

தீபம் முடிந்ததும் அவர் சொந்த ஊருக்குப் போய்ப் பங்குனியில் திரும்புவதாக ஏற்பாடு.

“இதை உயிரோட வெச்சிரு. வந்ததும் கெஸ்ட் ஹவுஸ்ல உனக்கு வேலைக்குச் சொல்றேன்” என்றார்.

கெஸ்ட் ஹவுஸ் முதலாளி அவர் பேச்சைத் தட்டமாட்டார். ஆக, என் உத்தியோகம் ஏழு தொட்டிகளில் நின்றுகொண்டிருந்தது.

ஒரு தாளும் கொடுத்தார். அவர் ஊரில் ஹோஸ்டா என்று ஒரு செடி உண்டாம். குளிர்காலத்துக்கு முன் அதற்கு அவருடைய அம்மா செய்வதையே இதற்கும் செய்தால் போதுமாம். நாலே வரி. இலை பழுத்தால் தரையோடு வெட்டு. தண்ணீரை நிறுத்து. வைக்கோல் போட்டு மூடு. வெயில் ஏறும்வரை தொடாதே.

படித்தேன். செடியைக் கொல்ல நினைப்பவனும் இதைத்தானே செய்வான்? பாவம், ஐஸ் விழும் ஊர்க்காரர், நம் ஊர் புரியாமல் எழுதிவிட்டார் என்று தாளை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டேன்.

மார்கழி பிறந்தது. முதல் இலை பழுத்தது. எனக்குப் பயம்தான், ஆனால் அதைவிட ஜாஸ்தியாக ஓர் ஆர்வம். இதற்கு எங்கே வலிக்கிறது? பனி தலையில் இறங்குகிறதா, காலில் ஏறுகிறதா? தினமும் விடிந்ததும் குத்துக்காலிட்டு ஒவ்வொரு தண்டாகத் தொட்டுப் பார்த்தேன். விரல் அரித்தது. நோய் எனக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்தேன். பிறகு வெந்நீரை ஆறவைத்து ஊற்றினேன். சாம்பிராணி போட்டேன். ரொம்பவும் சாய்ந்திருந்த செடிக்கு மட்டும் என் மங்கி குல்லாவைக் கழற்றி மாட்டினேன்.

அந்தக் கோலத்தில் அக்கா வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டார். அடி அண்ணாமலையில் விவசாயம் செய்பவர்.

“இன்னாடா மாப்ளே, செடி சபரிமலைக்குப் போவுதா?”

“குளுருது மாமா அதுக்கு.”

“அது சொல்லுச்சா?”

தை பிறப்பதற்குள் ஏழும் படுத்துவிட்டன. இலை என்று ஒன்றும் மிச்சமில்லை, துவண்ட காம்புகள்தான். அப்போது என் மூளை வேலை செய்தது. (அதற்கு முன்பும் பின்பும் செய்ததாகத் தகவல் இல்லை.) காம்புகளை ஒட்ட வெட்டி எறிந்தேன். மண்ணோடு சேர்த்துத் தொட்டிகளைக் கவிழ்த்து, பிரித்துப் பார்க்கக்கூடப் பயந்து, கொல்லையில் முருங்கைக்கு அடியில் குழி வெட்டி ஏழையும் அடக்கம் செய்தேன். புதுமண் பளிச்சென்று தெரிந்தது. மாமாவிடம் ஒரு கட்டு வைக்கோல் வாங்கி அதன்மேல் பரப்பினேன். அந்தப் பக்கம் போகவே மனம் வராததால், ஒரு சொம்புத் தண்ணீர்கூட அங்கே விழவில்லை.

காலித் தொட்டிகளில் மாமா வயலின் வாய்க்கால் ஓரத்திலிருந்து ஏழு சேம்புகளைப் பெயர்த்து வந்து நட்டேன். எல்லாம் சரி, சிவப்புதான் இல்லை.

“குங்குமம் தடவலாமா மாமா?”

“தடவு. அப்புறம் நம்ம ஜனம் தேங்கா ஒடைக்க வந்துடும், பரவால்லியா?”

பங்குனியில் எல்சா அம்மா வந்து இறங்கினார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை, நேராகத் தொட்டிக்குத்தான் போனார்.

“குளிர்ல கலர் போயிடுச்சும்மா” என்றேன்.

அவர் இலையைத் திருப்பிப் பார்த்தார். “இது சேப்பங்கெழங்கு. நான் வாரா வாரம் வாங்கி வறுக்கிறேன். என் செடி எங்க?”

“செத்துப்போச்சும்மா.”

“எங்கன்னு கேட்டேன்.”

உத்தியோகம் போயிற்று என்று கொல்லைக்கு அழைத்துப்போனேன். அவர் மண்டியிட்டு வைக்கோலை மெல்ல விலக்கினார். கீழே மண்ணைக் கீறிக்கொண்டு, சுருட்டிய ஊதுபத்திப் பொட்டலம் மாதிரி, இளஞ்சிவப்பாக முளைகள். எண்ணினார். ஒன்பது.

“வெட்டினியா?”

“வெட்டினேன்.”

“தண்ணி?”

“ஊத்தலை.”

“வைக்கோலும் போட்டிருக்க. எல்லாம் நான் எழுதினபடிதான். அப்புறம் எதுக்கு அழற?”

நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நல்ல பெயரை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் வாய் கேட்கவில்லை. குல்லா வரைக்கும் கொட்டிவிட்டேன். எல்சா அம்மா முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

வேலைக்குச் சொன்னார். கிடைத்தது. “கணக்கு வழக்கு பார்க்கட்டும், தோட்டத்துப் பக்கம் மட்டும் விடாதீங்க” என்று கூடவே ஒரு சிபாரிசு. இருபது வருஷம் தாண்டியும் அங்கே ஒரு துளசிக்குக்கூட என்னைத் தண்ணீர் ஊற்ற விடுவதில்லை. வீட்டிலும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் அசந்து தூங்கினால் போதும், என் மனைவி பிள்ளைகளிடம் சொல்வாள்: “அப்பா செத்துட்டார்னு அவசரப்பட்டுக் குழி தோண்டிடாதீங்க, வைக்கோல் போட்டு வையுங்க.”

பிறகு ஒரு மார்கழியில் ஆசை தாங்காமல், எல்சா அம்மா மறுபடி நட்டுவைத்திருந்த தொட்டிகளில் ஒன்றை மட்டும் கிளறிப் பார்த்தேன். உள்ளே கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரிய கிழங்கு ஒன்று, கெட்டியாக இருந்தது. வருஷா வருஷம் அந்தச் செடி இலையை உதிர்த்துவிட்டு அதற்குள் போய்விடுகிறது, வெயில் ஏறினால் வெளியே வருகிறது. அதற்கு ஒரு நாளும் குளிரவில்லை.