பீங்கான் அண்ணே பழக்கிய சட்டிகள்

ஈப்போவில் விற்கும் பீங்கான் பூச்சுத் தோசைச் சட்டிகளில், எங்கள் பீங்கான் அண்ணேயிடம் தோற்காத பிராண்டு ஒன்று இருந்தால், அது இன்னும் கப்பலைவிட்டு இறங்கவில்லை என்று அர்த்தம்.

சிலிபின் வட்டாரத்தில் அவர் எனக்குப் பக்கத்து வீடு. பணி ஓய்வு பெறும்வரை லூமுட் சாலையில் லோரி ஓட்டியவர். அப்போதெல்லாம் லோரி அண்ணே. நின்றால் வாசலே அடைத்துக்கொள்ளும். சுடுதண்ணீர் வைக்கக்கூடத் தெரியாத அந்த மனிதர் சமையலறைக்குள் நுழைந்ததற்குக் காரணம் அவர் மனைவி, எங்கள் எல்லாருக்கும் அக்கா.

அக்காவுக்கு இருதய ஆப்பரேஷன் ஆனது. எண்ணெயைக் கண்ணில் காட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்காவுக்குத் தோசைதான் உயிர். எண்ணெய் இல்லாமல் இரும்புக் கல்லில் தோசை வருமா? அண்ணே கரண்டியை வைத்துக் கொத்திக் கொத்தி எடுத்து வருவார். செமோருக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அக்கா தட்டைப் பார்ப்பார்.

"என்னங்க இது, மரத்துலேர்ந்து ஒட்டுப்பாலச் சுரண்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு?"

தட்டு அப்படியே திரும்பிப் போகும். கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய், ரொட்டி கொடுத்தால் ஒரு வாய். ரவிக்கைகள் தொளதொளத்துப் போயின. இப்படியே இளைத்தால் மறுபடியும் வார்டில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் எச்சரித்துவிட்டார். இதை அண்ணே வேலியோரம் நின்று என்னிடம் சொன்னபோது அழுதுவிடுவாரோ என்று பயந்துவிட்டேன். அந்த அளவுள்ள ஆள் அழுதால் எப்படிச் சமாதானம் செய்வது என்று எனக்குத் தெரியாது.

பீங்கான் பூச்சுச் சட்டியில் எண்ணெயே வேண்டாம் என்று யாரோ சொல்லப்போக, வேட்டை தொடங்கியது. என்னிடம் கார் இருந்ததால் நானும் மாட்டிக்கொண்டேன்.

லோரிக்கு டயர் வாங்குகிற மாதிரி சட்டி வாங்குவார். தட்டிப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார், மோந்தும் பார்ப்பார். மைலோ டின்னில் வீட்டு மாவு வேறு கூடவே வரும். பேரங்காடியில் ஒரு மலாய்ப் பெண் முட்டை பொரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அண்ணே முட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு மாவை ஊற்றினார். "அங்கிள், ஜாங்ஙான், அங்கிள்" என்று மலாயில் தடுத்து அவள் கையைப் பிடிப்பதற்குள் தோசை வட்டமாக உட்கார்ந்துவிட்டது. காவலாளி வந்து சேர்ந்தபோது அது வெந்து, வழுக்கிக்கொண்டு சட்டியில் சுற்றி வந்தது. காவலாளிக்குப் பாதி கொடுத்தார். அவரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதுதான் கொரியாக்காரன். அண்ணே எல்லா பிராண்டையும் நாட்டை வைத்துத்தான் கூப்பிடுவார். கடையில் நாட்டியம் ஆடிய கொரியாக்காரன், வீட்டுக்கு வந்ததும் தோசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. இத்தாலிக்காரனும் அப்படியே. ஜெர்மன்காரன் ஒருநாள் தாங்கினான்.

"கடையில ஒரு சட்டியக் காட்டறானுங்க, பெட்டிக்குள்ள வேற சட்டிய வக்கிறானுங்க தங்கச்சி. நம்மள ஏமாத்துறானுங்க லா."

அடுத்த முறை பெட்டி வேண்டாம், அடுப்பில் இருக்கிற அந்தச் சட்டியேதான் வேண்டும் என்று நின்றார். கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு கொடுத்தார்கள். சூடு ஆறாத சட்டியைத் துண்டில் சுற்றி, பாதித் தோசையோடு மடியில் வைத்துக்கொண்டு என் காரில் வந்தார். அதுவும் மறுநாளே ரோசாக். இப்படிக் கெட்டுப்போன சட்டிகள் எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் தானமாகப் போயின. என் வீட்டில் இத்தாலிக்காரனுக்குள் பச்சைமிளகாய் காய்க்கிறது.

கடைசியில் அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாயிடம் போனோம். பாய் அதை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார்.

"அண்ணே, இதப் போட்டு என்னா செஞ்சிங்க?"

"ஒன்னும் செய்யல பாய். புதுச் சட்டிய எப்பயும் போலப் பழக்கினோம்."

"எப்படிப் பழக்கினிங்க?"

அண்ணே பெருமையாக விளக்கினார். முதலில் வடிகஞ்சி ஊற்றிக் கொதிக்க விடுவது. அப்புறம் புளி போட்டுத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பது. பிறகு எண்ணெய் தடவிப் புகை கிளம்பும்வரை காய வைப்பது. எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. அக்கா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இவர் செய்வார். தோட்டத்தில் புது இரும்புக் கல்லை அப்படித்தான் பழக்குவார்கள். நானே எத்தனையோ முறை அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், எனக்கும் உறைக்கவில்லை.

பாய் சட்டியை மெதுவாக மேசைமேல் வைத்தார். "இது இரும்பு இல்லண்ணே. மேல இருக்கறது வெறும் பூச்சு. நாரு போட்டுத் தேச்சா நிக்குமா? புதுசச் சும்மா கழுவிட்டு, சின்னத் தீயில ஊத்துங்க, போதும்."

அண்ணே பாயிடம் காசைக் கொடுத்தார். இன்னொரு சட்டியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்காகிட்ட நான் சொல்றேண்ணே. கேட்டா அவங்களே சிரிப்பாங்க."

"சொல்லாத தங்கச்சி." சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "ஆப்பரேசனுக்கு அப்புறம் அவளுக்கு அடுப்பாண்ட நிக்க முடியல. எல்லாம் போச்சுன்னு உக்காந்திருக்கா. சட்டி பழக்கறப்ப மட்டுந்தான் பழைய மாதிரி அதட்டுறா. அதுவும் தப்புன்னு சொன்னா என்னா ஆவா?"

என் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பின்கட்டில் அண்ணே, தானம் போகாமல் மிஞ்சிய ஜெர்மன்காரனின் பிணத்தை நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். புதுச் சட்டி பத்திரமாக அலமாரிக்குள் இருந்தது.

"சத்தமே பத்தல, அழுத்தித் தேய்ங்க" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"தேய்க்கிறேன் லா." சட்டி அலறியது.

"புளி போட்டிங்களா?"

"போட்டாச்சு."

பிறகு கையைக் கழுவிக்கொண்டு, புதுச் சட்டியை எடுத்துச் சின்னத் தீயில் வைத்தார். மாவை ஊற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோசை ஓரம் சிவந்து, தானாகவே கிளம்பி வந்தது. அதைத் தட்டில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனார்.

அக்கா ஒரு துண்டு பிய்த்தார். இன்னொன்று பிய்த்தார். தட்டு காலியானது.

"இன்னொன்னு ஊத்துங்க."

அண்ணே அப்படியே நின்றார்.

"என்னா பாக்கறிங்க? நல்லாப் பழக்கினாத்தான் சட்டி வழிக்கு வரும்னு சொன்னேன்ல?"

"நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்" என்றார் அண்ணே, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

எனக்கும் ஒன்று வந்தது. உண்மையைச் சொன்னால் அதில் உப்பே இல்லை. நானும் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.