ஆறு ஞாயிறும் ஒரு செம்புத் தகடும்

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் உலகநாதன் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தியாகத்தை அறிவித்தார். இனிமேல் வீட்டில் துணி தேய்க்கிற வேலை அவருடையது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் குடித்த காபி டம்ளரை நகர்த்தி வைக்காத மனிதர், இதை நாற்காலியை விட்டு எழுந்து நின்று சொன்னார்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த துர்காதேவி தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னா திடீர்னு?"

"நீயும் எவ்ளோதான் பண்ணுவ? பாக்கவே பாவமா கீது."

"பத்தொம்போது வருசமா இல்லாத பாவமா?"

"மனுசனுக்கு எப்பனா ஒருநாள் புத்தி வராதா?"

"வரட்டும். யாரு வாணாம்னா?"

இடுப்பிலிருந்த சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள். உள்ளேயிருந்து இஸ்திரிப் பெட்டி வெளியே வந்தது. உலகநாதன் முகத்தில் சலனமே காட்டவில்லை. அதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

தியாகத்துக்குக் காரணம் இருந்தது. செங்கல்பட்டு லாரி ஆபீஸில் கணக்கராக இருக்கும் உலகநாதனுக்கு உயிர் என்றால் வால்வு ஆம்ப்ளிஃபையர். வால்வு என்கிற கண்ணாடிக் குழல்களுக்குள் இழை சிவந்து, அப்புறம்தான் பாட்டு வரும். அந்தக் காலத்துச் சங்கதி. அதில் பைத்தியமான பதினோரு பேர் ஒரு வாட்ஸாப் குழு வைத்திருந்தார்கள். புரட்டாசிக் கடைசி ஞாயிறன்று கடப்பாக்கத்தில் குழு நண்பர் நரசிம்மன் வீட்டில் கூடுவது, அவரவர் செட்டைக் கொண்டுவந்து பாட வைப்பது என்று ஏற்பாடு. மற்ற பத்துப் பேரும் வால்வு உட்காரும் சர்க்யூட் போர்டைக் கம்பெனியில் சொல்லி வாங்கிவிட்டார்கள். கருங்குழி பார்த்திபன் ஒன்று கேட்டதற்கு, குறைந்தது ஐந்து எடுக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னதால், மிஞ்சியதில் ஒன்றை இவருக்குக் கொடுக்க வந்தான். உலகநாதன் மறுத்துவிட்டார். "என் போர்டை என் கையாலதான் செய்வேன். செம்புல என் பேரோட வருவேன்" என்று பத்துப் பேர் பார்க்க எழுதிவிட்டார். எழுதியதை அழிக்கலாம், படித்தவர்களை என்ன செய்வது?

போர்டு செய்யும் முறை சுலபம். வழவழப்பான தாளில் கோடுகளை லேசர் பிரிண்டரில் அச்சடிக்க வேண்டும். அந்தத் தாளைச் செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் மை தகட்டில் இறங்கும். பிறகு ஒரு கரைசலில் போட்டால் மை இல்லாத இடத்துச் செம்பெல்லாம் கரைந்துவிடும். மை மூடிய கோடுகள் மட்டும் நிற்கும். அவைதான் ஒயருக்குப் பதில்.

ஆனால் இதற்கு முன்னால் ஒருமுறை அந்த மை பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, யாரோ தைக்கக் கொடுத்த பட்டு ரவிக்கையில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து பெட்டி பீரோவில், சாவி இடுப்பில். வேறு பெட்டி வாங்கலாம் என்றால், துர்காதேவிக்குத் தெரியாமல் அந்த வீட்டுக்குள் ஒரு தீப்பெட்டிகூட வந்ததில்லை.

ஆகவே தியாகம். காலையில் துணியைத் தேய்ப்பார். பதினோரு மணிக்கு அவள் மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும் தகட்டைத் தேய்ப்பார்.

முதல் ஞாயிறு மை தாளை விட்டு வரவே இல்லை. இரண்டாம் ஞாயிறு சூடு அதிகமாகி, கோடெல்லாம் குழைந்து ஒன்றாகிவிட்டது. மூன்றாம் ஞாயிறு தும்மல் வந்து கை நகர்ந்தது. துணிக் குவியல் மட்டும் வாரா வாரம் வளர்ந்தது. வீட்டுத் துணியோடு அவள் தைத்த ரவிக்கைகள் சேர்ந்தன. நான்காம் ஞாயிறு ஜன்னல் திரைகளும் வந்தன.

"இதெல்லாம் யாரோடது?"

"பக்கத்து வூட்டு லோகநாயகிது. நீங்க வெக்கிற மடிப்பு அதுக்கு ரொம்பப் புட்ச்சிப்போச்சாம்."

"ஊர்த் துணியெல்லாம் நான் இன்னாத்துக்குத் தேய்க்கணும்?"

"கஷ்டமா இருந்தா வுட்ருங்க. பொட்டிய உள்ள வெச்சிப் பூட்டிடறேன்."

"கஷ்டம்னு யாரு சொன்னா?"

ஐந்தாம் ஞாயிறு பாதியில் கரண்ட் போனது. ஆறாம் ஞாயிறுதான் தெய்வம் கண் திறந்தது. தாளை ஊற வைத்து உரித்தபோது, ஒரு கோடு விடாமல் கறுப்பாகத் தகட்டில் நின்றது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், டிகாஷன் நிறத்துக் கரைசலில் போட்டு, பக்கத்திலேயே குந்திக்கொண்டு அரை மணி நேரம் காத்தார். எடுத்துக் கழுவி, மையைத் துடைத்தார். செம்பு தகதகவென்று மின்னியது. ஓரத்தில் அவர் பெயர்.

பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திரும்பியிருந்தது. பெயர் மட்டுமல்ல, போர்டே திரும்பியிருந்தது. வால்வின் ஒன்றாம் காலுக்குப் போக வேண்டிய முந்நூறு வோல்ட் நேராக ஒன்பதாம் காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. போட்டால் வால்வு போய்விடும். உலகநாதன் வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டத்துக்கு ஏழே நாள். பத்துப் பேர் முகமும் வரிசையாக வந்து போயின. ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு அழுகை வந்தது.

மிளகாய் காயவைக்க மேலே வந்த துர்காதேவி தகட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் ஆச்சரியப்படவில்லை.

"திரும்பிகினு கீது."

"உனக்கு இது இன்னான்னு தெரியுமா?"

"ரவிக்கைல பூப் போடச்சொல்ல, வரைஞ்ச காகிதத்தைக் கவுத்து வெச்சித் தேய்ப்போம். கவுத்தா மாறித்தான் வுழும். அதனால காகிதத்துல திருப்பி வரையணும். தையல் கத்துக்கப் போனா மொத வாரமே சொல்லிக் குடுப்பாங்க."

"என் காகிதத்தை நீ எப்பப் பாத்த?"

"மொத வாரமே. உங்க சட்டைப் பையில இருந்துச்சி. பேரு நேரா இருந்துச்சா, அப்பவே தெரியும்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, துர்கா."

"சொல்லியிருந்தா ரெண்டாவது வாரமே கத்துகினு, பொட்டிய வுட்டுட்டுப் போயிருப்பீங்க." அவள் மிளகாயைப் பரப்பினாள். "வந்து கீற தீபாவளித் துணியெல்லாம் அப்புறம் யாரு தேய்க்கிறது?"

அவர் தகட்டை எடுத்து இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். அவளுக்கே கொஞ்சம் மனசு இளகியிருக்க வேண்டும்.

"நாளைக்குத் திருப்பி அச்சடிச்சிகினு வாங்க. நானே தேய்ச்சித் தரேன். நீங்க போய் அந்தத் திரைங்கள முடிங்க."

மறுநாள் அவளே தேய்த்தாள். ஒரே தடவை, நாலே நிமிஷம். கோடு அச்சாக இறங்கியது.

கடப்பாக்கத்தில் உலகநாதனின் செட் அருமையாகப் பாடியது. சொந்தக் கையால் செய்த போர்டு என்று ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பார்த்திபன் மட்டும் பிடித்த கையை விடாமல் திருப்பி, உள்ளங்கையைத் தடவிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, கை இப்டிக் காப்புக் காய்ச்சிப் போய்க் கீது? இஸ்திரிக் கடை எதனா வெச்சிகீறியா?"