விழுங்க முடியாதவர்களின் சங்கம்

மண்டபத்துக் குசினியில் ஆதிரை முதல் சட்டியின் மூடியைத் திறந்தாள். குழைந்த சோறு. அடுத்ததில் கடைந்த பருப்பு. மூன்றாவதில் பூசணிக்காய்ப் பால்கறி, அதையும் மத்தால் மசித்திருந்தது. நான்காவதில் உழுத்தங்கஞ்சி.

“அப்பா, றோல்ஸ் எங்கை? கத்தரிக்காய்ப் பொரியல் எங்கை? ஒரு மிளகாய்கூடக் காணேல்லை.”

சிற்றம்பலம் கையைத் துடைத்துக்கொண்டு, செத்தவீட்டில் பேசுவதுபோலத் தணிந்த குரலில் சொன்னார்: “பாவங்கள், பிள்ளை. அதுகளுக்கு விழுங்கேலாதெல்லே.”

“ஆருக்கு?”

“இண்டைக்கு வாற ஆக்களுக்குத்தான். சர்வதேச உணவுக்குழாய் நோய்ச் சங்கமெண்டு நீதானே சொன்னனீ.”

ஆதிரை மூடியை மெல்லத் திரும்ப வைத்தாள். “அப்பா, அவை நோயாளிகள் இல்லை. அந்த நோயைப் பாக்கிற டொக்டர்மார். எண்பது பேர்.”

இதில் சிற்றம்பலத்தைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் ஜேர்மனிக்கு வந்து எசன் நகரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்த நாளிலிருந்து சமைத்துப் போடாத சங்கம் இல்லை. உரும்பிராய் ஒன்றியம் என்றால் உரும்பிராயார் வருவார்கள். பழைய மாணவர் சங்கம் என்றால் பழைய மாணவர் வருவார்கள், வந்து சண்டையும் பிடிப்பார்கள். அப்படியிருக்க, ஒரு நோயின் பெயரில் சங்கம் வைத்தால் அதில் நோயாளிதானே இருக்க வேண்டும்? நோய் நொடி ஒன்றுமில்லாத மனிதர் அதில் சேர்ந்து, சந்தாவும் கட்டி, விமானம் ஏறிக் கூட்டத்துக்கும் வருவார் என்று ஆருக்குத்தான் தோன்றும்?

ஆனால் இது சாதாரண விருந்து இல்லை. சங்கத்தின் தலைவர் பேராசிரியர் ஹென்னிங், ஆதிரை வேலை செய்யும் ஆஸ்பத்திரிப் பிரிவுக்கும் தலைவர். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதை நீட்டிப்பதா இல்லையா என்பது அந்த மனிதரின் கையில். மகாநாட்டு விருந்துக்குச் சமையற்காரர் தேடியபோது, “என் அப்பா இருக்கிறார்” என்று வாயைக் கொடுத்தவள் அவள்தான்.

பேராசிரியரும் ஒருநாள் ருசி பார்க்கவென்று கடைக்கு வந்திருந்தார். சிற்றம்பலத்தின் மனைவி குணேஸ்வரி சுடச்சுட வடை வைத்தாள். மனிதர் வாசம் நன்றாக இருக்கிறது என்றார், தேத்தண்ணியைக் குடித்தார், வடையை விரலாலும் தொடவில்லை. எங்கள் சாப்பாடு அவருக்கு இளக்காரம் என்று சிற்றம்பலத்துக்கு அன்றைக்கே மனதில் ஒரு முள் தைத்தது. பேராசிரியர் விருந்துகளில் சாப்பிடுவதில்லை, வேலை அப்படி என்று ஆதிரை சமாளித்தாள்.

இப்போது விருந்துக்கு மூன்று மணித்தியாலம்கூட இல்லை.

“ஒண்டும் யோசியாதை” என்று மகளை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டுச் சிற்றம்பலம் காரியத்தில் இறங்கினார். குறை என்ன? உறைப்பு இல்லை. அவ்வளவுதானே? முதல் மூன்று சட்டியிலும் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிக் கிளறினார். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் கண்ணால் தண்ணீர் ஓடியது. பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கும் பதத்தில், கொல்லனும் தொடத் தயங்கும் நெருப்பு. தணிக்கப் பால் ஊற்றினார். மூன்றும் தண்ணீரானது. தண்ணீரை இறுக்க மாவைக் கரைத்து விட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அந்தப் பூதம் மூன்று சட்டியிலும் இருந்து கொதித்துக் குமிழ் விட்டது. ஒரு வகையான சுவர் பூசும் கலவை.

கஞ்சிச் சட்டிக்கு முன்னால் குணேஸ்வரி போய் நின்றுகொண்டாள். “இதையாவது விடுங்கோ.”

விட்டார். விட்டுவிட்டு பக்கத்து ஹம் நகரத்தில் இருக்கும் கூட்டாளி ஜேசுரட்ணத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஜேசுரட்ணம் அன்றைக்கு தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய ஒரு பிள்ளையின் வீட்டு விருந்துக்குச் சமைத்திருந்தான். அந்த வீட்டாரை என்ன சொல்லிச் சமாளித்தானோ கடவுளுக்குத்தான் வெளிச்சம், சோறு, பொரியல், விளைமீன் குழம்பு எல்லாவற்றையும் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

“முள்ளு எடுத்ததோ?” என்று சிற்றம்பலம் கேட்டார்.

“அண்ணை, முள்ளு எடுத்தால் அது மீனோ?”

அதுவும் நியாயம்தான்.

விருந்து நன்றாகவே தொடங்கியது. உலகத்தின் தலைசிறந்த உணவுக்குழாய் வைத்தியர்கள் எல்லாரும் குழம்பை விட்டு மளமளவென்று சாப்பிட்டார்கள். சிற்றம்பலம் வாசலில் நின்று பார்த்தார். பேராசிரியர் ஹென்னிங்கின் கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. எங்கே போனாரென்று யோசிக்கும் முன்னரே, நடு மேசையில் இருந்த லிஸ்பன் வைத்தியர் ஒருவர் எழுந்து தொண்டையைப் பிடித்தார்.

மீன்முள் சிக்குவதற்கு இந்தப் பூமியில் அதைவிடப் பாதுகாப்பான இடம் இருக்க முடியாது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக எழுந்தார்கள். ஒருவர் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அது பழைய முறை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தன் கட்டுரையை நினைவூட்டினார். பின்னால் நின்ற ஒருவர் முதலில் எக்ஸ்றே படம் எடுக்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார். லிஸ்பன்காரர் கண்கள் பிதுங்க ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் ஒருவரும் ஒரு முடிவுக்கும் வராதது கண்டு, தானே உரக்க இருமி முள்ளைத் துப்பினார்.

ஒருவரும் கை தட்டவில்லை. எல்லாரும் திரும்பக் கதிரையில் இருந்தார்கள், முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்கள். அத்தனை தட்டுகளிலும் மீன் ஆறியது. சுவரோரம் நின்ற ஆதிரையின் முகத்தைச் சிற்றம்பலம் பார்த்தார். அவள் அழவில்லை. அழுதிருந்தாலும் தாங்கியிருப்பார்.

பிள்ளை படித்த படிப்பு, கண்விழித்த இரவுகள், எல்லாவற்றையும் ஒரு மீன்முள்ளால் குத்திவிட்டேனே என்று நெஞ்சு வெந்தது. குசினிக்குள் வந்து, மிச்சமிருந்த கஞ்சியையும் கொட்டிச் சட்டியைக் கழுவினால் இந்த நாள் முடிந்தது என்று மூடியைத் திறந்தார். சட்டியில் அடி தெரிந்தது.

“ஆர் இதைக் குடிச்சது?”

“அந்தப் பேராசிரியர்” என்றாள் குணேஸ்வரி. “வந்தார். கஞ்சியை மணந்து பாத்தார். ஒரு கோப்பை விட்டுக் குடுத்தன். பிறகு தானே எடுத்து ஊத்தினார். மூண்டு கோப்பை.”

“எங்கை இருத்தினனீ?”

“இருக்கமாட்டனெண்டார். அந்த மூலையிலை நிண்டபடிதான்.”

சிற்றம்பலம் தலையில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் இருந்தார். விருந்தின் தலைவர். சபைக்கு முன்னால் தலைவாழை போட்டு இருத்த வேண்டிய மனிதர். அவரைக் குசினி மூலையில், பாத்திரம் கழுவும் இடத்தில், நின்றபடி, அதுவும் நோயாளிக்குக் காய்ச்சின கஞ்சி குடிக்க வைத்தாயிற்று. மீனாவது தவறி நடந்தது. இதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? பாவி மனிசி, ஒரு கதிரையாவது தூக்கிப் போட்டிருக்கக் கூடாதா?

“நான் போய்க் காலிலை விழுறன்” என்று எழும்பினார்.

வாசலில் சங்கத்தின் செயலாளர் சாண்ட்ரா வழி மறித்து நின்றாள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து பேராசிரியரோடு இருப்பவள். கையில் ஒரு வெறுங் கோப்பை. அவளுக்குப் பின்னால் ஆதிரை, ஒன்றும் விளங்காத முகத்தோடு.

சிற்றம்பலம் தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். மீன், முள், குசினி மூலை, கஞ்சி, எல்லாம் தன் பிழை, மகளுக்கு இதில் ஒரு தொடர்பும் இல்லை. சாண்ட்ரா கையைக் காட்டி நிறுத்தினாள். கஞ்சி இன்னும் இருக்கிறதா என்று பேராசிரியர் கேட்டு அனுப்பினாராம். அடுத்த வருட விருந்தும் சிற்றம்பலம்தான் சமைக்க வேண்டுமாம், அப்போதும் ஆதிரை பேராசிரியரோடுதான் வேலை செய்வாளாம். சிற்றம்பலம் மகளைப் பார்த்தார், மகள் தகப்பனைப் பார்த்தாள்.

சாண்ட்ரா வெறுங் கோப்பையை இரண்டு கையாலும் நீட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“தனக்கு விழுங்க முடியாததால்தான் அவர் இந்தச் சங்கத்தையே தொடங்கினார் என்பது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாதே, உங்களுக்கு ஆர் சொன்னது?”