பெண் பார்க்கப் போன வெள்ளைப் பல்

பிள்ளைகளே, கலர் தெரிந்தவன் என்று தன்னை நினைத்துக்கொள்கிறவன்தான் கலர் விஷயத்தில் மோசமாக மாட்டுவான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பத்தாவதுக்கு மேல் நான் படித்ததெல்லாம் பஸ் போர்டுதான். இதை என் வாய்க்குள்ளேயே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஓசூரில், வண்டிகளின் உதிரி பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு கம்பெனியில் வேலை. அடிப்பவன் நான் இல்லை, அடித்ததைச் சரிபார்ப்பவன். வரிசையாக எரிகிற ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று, கையில் இருக்கும் மாதிரித் தகட்டோடு ஒவ்வொரு பாகத்தின் நிறத்தையும் ஒப்பிட வேண்டும். நிறம் சேர்ந்தால் ஓகே, சேராவிட்டால் ரிஜெக்ட். நாள் முழுக்க ரிஜெக்ட், ரிஜெக்ட் என்று சொல்லும் அதிகாரம் ஒருவனுக்குக் கிடைத்தால் அவன் தலை கொஞ்சம் பெரிதாகத்தானே செய்யும்? (கொஞ்சமா! ஹெல்மெட்டே பத்தாம போச்சு.)

உங்கள் அம்மா கௌரி அப்போது வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஷிப்ட் பஸ் ஏற இரண்டு பேருக்கும் ஒரே நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் நின்று நின்றே பேசி, கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவும் செய்துவிட்டோம். ஆனால் வீட்டில் அப்படிச் சொல்ல முடியுமா? எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு வழி இருந்தது. இருவரும் முடிவு செய்துவிட்டு, பிறகு தரகரைப் பிடித்து, ஜாதகம் ஏதோ தானாக வந்த மாதிரி இரண்டு வீட்டுக்கும் அனுப்பி வைப்பது. அப்புறம் பெண் பார்க்கும் அன்று, பெண்ணை வாழ்க்கையில் முதல்முறை பார்க்கிற மாதிரி மாப்பிள்ளை வெட்கப்பட வேண்டும். ஓசூர் கம்பெனி பஸ்களில் எத்தனையோ கல்யாணம் இப்படித்தான் நடந்திருக்கிறது.

எங்களுக்கு ஒரே தடை முனிராஜ் மாமா. கௌரியின் அப்பா குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். தாய்மாமனான இவர்தான் அவளை வளர்த்தார். ஜாதகம், நிலம், நகை எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. தரகரிடம் ஒன்றை மட்டும்தான் சொல்லி அனுப்பினார்: "குடிக்கிறவன், குடிச்சிட்டு அடிதடிக்குப் போறவன் எவனும் எங்க வாசப்படி ஏறக் கூடாது."

நான் டீ தவிர எதுவும் குடித்ததில்லை. பயமே இல்லாமல் இருந்தேன்.

பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் பல்வலி வந்தது. மேல் வரிசையில் கோரைப்பல்லுக்கு அடுத்த பல். ஏற்கெனவே சொத்தையாக இருந்த அதன் முன்பக்கம் பாதி உடைந்தே விட்டது. என் அம்மாவும் நானும் ஓசூரில் ஒரு பல் டாக்டரிடம் ஓடினோம். இளம் வயது டாக்டரம்மா. பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"அடைச்சிடலாம். சில்வர்ல போடலாம், இல்ல பல் கலர்லயே போடலாம். சில்வர் விலை கம்மி, நல்லாத் தாங்கும். ஆனா இந்த இடத்துல சிரிச்சா தெரியும்."

அம்மா முந்திக்கொண்டார். "சில்வரே போடும்மா. தெடமா நிக்கும்."

"எம்மா! பொண்ணு பாக்கப் போறப்ப வாயில டம்ளர் மாதிரி மின்னிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றேன். "டாக்டர், பல்லு கலரே போடுங்க."

பிள்ளைகளே, அதுவரை நான் செய்தது சரிதான். இங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

டாக்டர் ஒரு அட்டையை எடுத்தார். அதில் சின்னச் சின்னப் பற்களாக, வெள்ளையில் தொடங்கி மஞ்சள் வரை வரிசையாக மாட்டியிருந்தது. ஒவ்வொன்றாக என் பல்லருகே வைத்துப் பார்த்து, கடைசிக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றில் நின்றார். "இதுதான் சேருது. மேல லேசா பிரவுன் கோடு ஒண்ணு குடுத்துட்டா எந்தப் பல்லுன்னே கண்டுபிடிக்க முடியாது."

பழுப்புக் கோடு என்னத்துக்கு என்று கேட்பீர்கள். எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் முளைக்கிற வயதில் அதைக் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புப் பழுப்பாகக் கோடு விழுந்துவிடும், எவ்வளவு விளக்கினாலும் போகாது. என் பல், என் அம்மா பல், எங்கள் தெருவின் பல் எல்லாமே அப்படித்தான்.

நான் அந்த மஞ்சள் துண்டைப் பார்த்தேன். என் வாய் தானாகச் சொன்னது: "ரிஜெக்ட்."

"என்னது?"

"டாக்டர், நான் பெயிண்ட் ஷாப்பு. கலர் விஷயத்துல என்ன ஏமாத்த முடியாது. பல்லு கலர்னா வெள்ளைதானே?"

"உங்க பல்லு கலர்ங்க."

நான் வரிசையின் முதல் துண்டைத் தொட்டுக் காட்டினேன். "இதப் போடுங்க."

"அது ரொம்ப வெளுப்பு. தனியாத் தெரியும்."

"தெரியட்டும் டாக்டர். மத்த பல்லெல்லாம் பழைய லாட்டு, பழைய சரக்கு."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இன்னும் ஏதோ சொல்ல வந்தார். நான் அதற்குள் கண்ணை மூடி வாயைத் திறந்துவிட்டேன். பசை மாதிரி எதையோ வைத்து அப்பி, நீல வெளிச்சம் அடித்து இறுக வைத்தார். (நாங்களும் பெயிண்ட்டைச் சூடு காட்டித்தான் காய வைப்போம் என்று அந்த நிலையிலும் விளக்கப் பார்த்தேன். "ஆ... ஆ..." என்றுதான் வந்தது.)

முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தார். சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

உழுது போட்ட செம்மண் நிலத்தில் ஒற்றைக் கொக்கு நின்ற மாதிரி இருந்தது. மற்ற பற்கள் யாருமே கண்ணில் படவில்லை. ஒரு பல் மட்டும் முன்னால் வந்து "நான்தான், நான்தான்" என்றது. தினமும் நூறு பாகங்களை ரிஜெக்ட் செய்கிறவனுக்கு, தன் வாயே ரிஜெக்ட் ஆனது தெரியாமல் இருக்குமா?

அம்மா எட்டிப் பார்த்தார். "டேய், இன்னாடா இது! சொவத்துல சுண்ணாம்பு அப்பின மாதிரி!"

"மாத்திடலாமா டாக்டர்?" என்றேன்.

"ஈறு வீங்கியிருக்குது. ஒரு வாரம் கழிச்சு வாங்க. இன்னிக்கு மறுபடி தொட முடியாது."

விடிந்தால் பெண் பார்க்கப் போக வேண்டும்.

மாமா வீடு குருபரப்பள்ளிப் பக்கம். பஸ்ஸில் போகும்போதே ஒரு திட்டம் போட்டேன். சிரிக்கக் கூடாது. கேட்டால் தலையாட்ட வேண்டும். மாப்பிள்ளை அடக்கமானவர் என்று பெயர் வாங்கிவிடலாம்.

திட்டம் பாய் விரித்து உட்காரும் வரைக்கும்தான் நின்றது. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "இன்னா தரகரே, பையன் வாயே தொறக்க மாட்டேங்குறாரு. பேச வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சிரிப்புச் சத்தம் பட்டென்று அடங்கியது. மாமா, அவர் மனைவி ரத்னம்மா, தரகர், எல்லோர் கண்ணும் ஒரே இடத்தில். அந்த நேரம் பார்த்துக் கௌரி காபித் தட்டோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். முந்தாநாள் பஸ் நிறுத்தத்தில் பழைய பல்லோடு விட்டுப் போன மனிதனைப் பார்த்தாள். தட்டு ஆடி காபி சிந்தியது. அவள் அதிர்ச்சியைப் பார்த்து மாமாவுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

ரத்னம்மா கர்நாடகத்து மாலூர்க்காரர். மாமாவின் காதில் கன்னடத்தில் கிசுகிசுத்தார்: "ஹல்லு கட்ஸிதானே. குட்து பித்திர்பேக்கு."

எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார். ஓசூரில் வேலை பார்ப்பவனுக்குக் கன்னடம் புரியாமல் போகுமா? 'பல் கட்டியிருக்கிறான், குடித்துவிட்டு விழுந்திருப்பான்.' என் காது இரண்டும் கொதித்தன.

"இல்லீங்க! கட்டின பல்லு இல்லீங்க! சொந்தப் பல்லு!" என்று கத்திவிட்டேன்.

மாமா நிதானமாகக் கேட்டார். "தம்பி, நம்ம தண்ணி குடிச்சு வளந்தவன் எவனுக்கு இப்டி வெள்ளையா பல்லு இருக்குது? எந்தச் சண்டையில போச்சு?"

"சண்டை இல்ல மாமா. சொத்தைப் பல்லு. அடைச்சிருக்குது. பல்லு கலர்ல."

"பல்லு கலரா? யாரு பல்லு கலரு?"

நான் வாயைக் கையால் மூடிக்கொண்டேன்.

"அடைக்கிறதுன்னா வெள்ளில அடைப்பாங்கோ. இதோ பாரு." மாமா தன் வாயை அகலத் திறந்து விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினார். கடைவாயில் கருத்துப் போன ஒரு அடைப்பு. "இதுதான் அடைச்ச பல்லு. உன்னுது கட்டின பல்லு. பொய் வேற சொல்ற."

அம்மா என் பக்கம் பேசினார். "சத்தியமா நேத்துதாங்க அடைச்சாங்க. நான்கூட சில்வர் போடச் சொன்னேன்..."

"பெத்தவங்க அப்டிதாம்மா சொல்லுவாங்கோ," என்று மாமா எழுந்தே விட்டார். "தரகரே, தப்பா எடுத்துக்காதீங்க."

கௌரி கதவோரம் நின்றாள். கண்ணில் தண்ணீர். அம்மாவைத் தவிர என் பல்லைத் தெரிந்த ஒரே சாட்சி அவள்தான். ஆனால் 'முந்தாநாள்கூட அந்தப் பல்லைப் பார்த்தேன்' என்று அவள் எப்படிச் சொல்வாள்? நாங்கள்தான் இன்றைக்கு முதல்முறை பார்க்கிறோமே!

அவள் கையை விட்டுப் போகிறாள் என்று தெரிந்ததும் என் மூளை வேலையை நிறுத்திவிட்டது. தட்டில் கடலை உருண்டை இருந்தது. ஒன்றை எடுத்தேன்.

"மாமா, கட்டின பல்லால இதக் கடிக்க முடியுமா? பாருங்க!"

கடித்தேன். வெல்லப்பாகு முற்றிய உருண்டை. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கடலை உடைந்த சத்தம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாயிலிருந்து எடுத்த உருண்டையில், வெட்டிய தேங்காய்ச் சில் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையாக. வெகு வெள்ளையாக.

"ஐயோ" என்றார் தரகர். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பல் போனதோடு பெண்ணும் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன்.

மாமா அந்தத் துண்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு போன் டார்ச்சைப் போட்டார். "ஆ காட்டு."

காட்டினேன். மாமா பார்த்தார். ரத்னம்மா பார்த்தார். தரகரும் பார்த்தார். அங்கே, பாதி உடைந்து, குழி விழுந்து, பழுப்புக் கோடோடு என் பழைய பல் பத்திரமாக நின்றது.

"அப்பாடா! அதே பல்லு!" என்று கதவோரமிருந்து ஒரு குரல்.

மாமா டார்ச்சை அணைக்காமலே திரும்பினார். வெளிச்சம் கௌரியின் முகத்தில் விழுந்தது.

"அதேன்னா? நீ எங்க பாத்த?"

கௌரி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உருண்டையைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். தரகர், பாவம், கூரையைப் பார்த்தார்.

மாமா என்னையும் கௌரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெள்ளைத் துண்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "குடிகாரன் இல்ல. அது நிச்சயமாயிடுச்சு. திருட்டுப் பய. அது பரவால்ல, திருத்திக்கலாம்." உள்ளே திரும்பி, "ரத்னா, இன்னொரு காபி போடு. மாப்ளைக்கு மெல்ற மாதிரி எதுவும் வெக்காத," என்றார்.

ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் போனேன். "நம்ம பக்கத்துக் கோடு விழுந்த பல்லுல இது ஒட்டுறதே கஷ்டம், கொஞ்ச நாள் கெட்டியா எதுவும் கடிக்காதீங்கன்னு சொல்ல வந்தேன். நீங்க எங்க சொல்ல விட்டீங்க?" என்றார். இந்த முறை அவர் சொன்ன மஞ்சள்தான், அவர் போட்ட பழுப்புக் கோடுதான். நான் வாயைத் திறந்தது அடைக்க மட்டும். அது இன்றுவரை அசையவில்லை.

ஆனால் மாமா வீட்டில் அன்றைக்கு ஒரு புது வழக்கம் பிறந்துவிட்டது. அவர்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணைப் பார்க்க எந்த மாப்பிள்ளை வந்தாலும், காபிக்கு முன்னால் அவன் கையில் ஒரு கடலை உருண்டையைக் கொடுத்துக் கடிக்கச் சொல்கிறார்கள். நல்ல முற்றின பாகு. அவன் கடிக்கும்போது மொத்தக் குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்க்கும். போன மாதம் சேலத்திலிருந்து வந்த பையன் மிரண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம், "அண்ணா, எதுக்கு எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறக்கவில்லை.