உடப்புசல்லாவையில் மோதிய இரண்டு புரோத்தன்கள்

படித்தவனிடம் யாரும் விளக்கம் கேட்டு வருவதில்லை. தாங்கள் ஏற்கெனவே பயந்து வைத்திருப்பதற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முப்பத்து நாலு வருடம் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்த எனக்கு இது ஓய்வு பெற்ற பிறகுதான் விளங்கியது. அதுவும் என் மகளுடைய கல்யாணம் நின்றுபோகப் பார்த்த அன்றைக்கு.

விடயம் இதுதான். ஐரோப்பாவில் நிலத்துக்கு அடியில் இருபத்தேழு கிலோமீற்றர் சுற்றளவில் ஒரு வளையக் குழாய் இருக்கிறது. பாடப்புத்தகத் தமிழில் துணிக்கை ஆர்முடுக்கி. அணுவுக்குள் இருக்கும் புரோத்தன்களை அதற்குள் பயங்கர வேகத்தில் ஓடவிட்டு, எதிரும் புதிருமாக மோத வைத்து, என்ன சிதறுகிறது என்று பார்ப்பார்கள். கொஞ்சக் காலம் நிறுத்தித் திருத்தியவர்கள் மறுபடி அதை ஓட விடப்போவதாகச் செய்தி வந்தது. உடனே யாரோ ஒரு புண்ணியவான், அதிலிருந்து கருந்துளை ஒன்று பிறந்து பூமியை விழுங்கப் போகிறது என்று ஒரு வீடியோ செய்துவிட்டான். பின்னணியில் உடுக்குச் சத்தம் வேறு. (கருந்துளைக்கு உடுக்கு எதற்கு என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.)

அந்த வீடியோ என் கைபேசிக்குப் பதினேழு பேரிடமிருந்து வந்தது. அதில் ஒன்பது பேர் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர்கள். எண்ணி முடித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊர் வட்டவளை முழுக்க அதே பேச்சு. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, அடுத்த லயத்தில் ஒருவர் வளர்த்த கோழிகளை எல்லாம் அடித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். "எப்படியும் போகப் போற உசுருங்கதானே மாஸ்டர், கொழம்புல போகட்டுமே" என்றார். கடைக்கார நானாவிடம் மெழுகுதிரி கேட்டேன். "எல்லாம் முடிஞ்சி சேர். உலகமே அழியுதுண்டா மெழுகுதிரி என்னத்துக்குண்டு கேட்டா, 'அந்தத் துளைக்கு உள்ளுக்குப் போனா இருட்டா ஈக்குமே நானா'ண்டு சொல்றாங்க" என்றார். பஸ்ஸில் கண்டக்டர், "வெள்ளிக்கிழமதான் அழியுதாம் மாஸ்டர். இன்னிக்குச் செவ்வாய். டிக்கெட்ட எடுங்க" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமைதான் என் மகள் தமயந்தியின் கல்யாணம்.

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் அது. விட்டால் ஆடி. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் தாலி கட்டமாட்டார்கள். மாப்பிள்ளை கஜனோ ஆடி பிறந்த கையோடு கட்டாருக்குப் போகவேண்டியவர். போனால் இரண்டு வருட ஒப்பந்தம். இரண்டு வருடத்தில் என்னென்ன மாறும் என்று தமயந்தி வாய்விட்டுச் சொல்லவில்லை. சமையலறையில் பாத்திரங்களை வைத்த சத்தத்தில் சொன்னாள்.

மாப்பிள்ளையின் அம்மா உடப்புசல்லாவையிலிருந்து அழைத்தார். "சம்மந்தி, ஒலகம் அழியிற அன்னிக்குத் தாலி கட்டுனா என் மருமக எத்தன மணி நேரம் சுமங்கலியா இருப்பா? திகதிய மாத்துங்க."

போனில் விளக்கிப் பார்த்தேன். இடையில் இணைப்புத் துண்டித்துவிட்டது. (துண்டித்தது தொலைபேசி நிறுவனமா சம்பந்தியா என்பது வேறு கேள்வி.) நேரில் போய்த் தட்டு வைத்துப் பேசிவிடலாம் என்றாள் என் மனைவி பாக்கியம். அவர்கள் தட்டை வாங்கிக்கொண்டால் திகதி உறுதி. வாங்காவிட்டால் கதை முடிந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், இரண்டு குடுமித் தேங்காய். தேங்காயை நானே கடையில் பதினொன்றைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

"இந்தாங்க, அங்க போயி ஒண்ணும் வெளக்கக் கூடாது" என்றாள் பாக்கியம், மூன்றாவது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும். "ஒண்ணும் ஆகாது சம்மந்தின்னு ஒரே வார்த்த. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"அது ஒரு வார்த்தை இல்லை, மூன்று" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சம்பந்தி வீட்டில் கூட்டம். மாப்பிள்ளையின் தாய்மாமன் வேலாயுதம் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் அந்தத் தோட்டத்துக் கோயில் தலைவர். கதவோரத்தில் லயத்துச் சனம் பாதி நின்றது. தட்டை நடுவில் வைத்தோம். யாரும் தொடவில்லை.

"சம்மந்தி, நீங்க படிச்சவரு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "ஒண்ணும் ஆகாதுன்னு சாமி படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணுங்க. இப்பவே தட்ட வாங்கிக்கிறேன்."

எவ்வளவு சுலபம்! பண்ணித் தொலைத்திருக்கலாம். ஆனால் நான் சொன்னேன்: "சத்தியம் பண்ண முடியாது. நிகழ்தகவு பூச்சியத்துக்கு மிக மிகக் கிட்ட."

"பூச்சியத்துக்குக் கிட்டன்னா, பூச்சியம் இல்ல?" என்றார் வேலாயுதம்.

"கணிதத்தில் அப்படி ஒரேயடியாகச் சொல்ல மாட்டோம்."

கதவோரத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "மாஸ்டரே இல்லேன்னு சொல்லலியாம்" என்று அது வாசல் தாண்டி வெளியே போனது. நான் அதைப் பிடிக்கப் பாய்ந்தேன். "கேளுங்கள். இதைவிட வேகமான துணிக்கைகள் வானத்திலிருந்து பூமி மேல் எந்நேரமும் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. கோடிக்கணக்கான வருடமாக. பூமிக்கு ஒன்றும் ஆகவில்லையே!"

இதுதான் விஞ்ஞானிகள் சொல்லும் மிகப் பலமான வாதம். கேட்டதும் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

"இப்பவும் விழுதா?" என்றார் ஒரு பெண்.

"இப்பவும்தான்."

"தகரத்தத் தாண்டி வருமா சேர்?"

"தாராளமாக. அதிலிருந்து பிறக்கும் சின்னத் துணிக்கைகள் இந்த நிமிடம் உங்கள் உடம்புக்குள்ளால் போய்க்கொண்டிருக்கும்."

அந்தப் பெண் இரண்டு கையாலும் உடம்பைத் துடைக்கத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவள் பிள்ளையைத் தூக்கி மடிக்குள் ஒளித்தாள். பாக்கியம் என் தொடையைக் கிள்ளினாள். அந்தத் தழும்பு ஒரு கிழமை இருந்தது.

அங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வகுப்பு விளங்கவில்லை என்றால் செய்முறை காட்டு என்பது என் பழக்கம். சுற்றிப் பார்த்தேன். ஒரே மாதிரி உருண்டையாக இரண்டு பொருள்கள் அந்த வீட்டிலேயே ஒரே இடத்தில்தான் இருந்தன. தட்டிலிருந்த தேங்காய்கள் இரண்டையும் எடுத்தேன்.

"இது ஒரு புரோத்தன். இது இன்னொன்று. இது இந்தப் பக்கமாக வருகிறது. அது அந்தப் பக்கமாக. மோதினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பாருங்கள்!"

எனக்கு எழுபத்தொரு வயது. கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நானே நினைக்கவில்லை. ஒரு புரோத்தன் சரிபாதியாகப் பிளந்தது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போய் சம்பந்தியம்மாவின் புதுச் சேலையில் விழுந்தது. பின்னாலேயே வாடை வந்தது. பதினொன்றில் தேர்ந்தெடுத்த தேங்காய் உள்ளே கறுத்து, குழைந்து, அழுகிக் கிடந்தது.

கல்யாணத் தட்டுத் தேங்காய். பெண்ணைப் பெற்றவன் கையால் உடைந்தது. உள்ளே அழுகல். அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஆர்முடுக்கியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"இதுக்கு மேல என்னத்தச் சொல்றது" என்று வேலாயுதம் எழுந்து துண்டை உதறினார். கஜன் சுவரோடு சுவராக நின்றார். அவருடைய கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் தமயந்தி. அவர் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

"தேங்காயின் கண் வழியாகப் பூஞ்சணம் உள்ளே போனால் இப்படித்தான்" என்று நான் ஆரம்பித்தேன். "சராசரியாக நூறு தேங்காயில்..."

"வாய மூடுங்க" என்றாள் பாக்கியம். கல்யாணமான இத்தனை வருடத்தில் பத்துப் பேர் முன்னிலையில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. (தனியாகச் சொன்னதை நான் எண்ணி வைக்கவில்லை. எண்ணாமல் விட்ட ஒரே கணக்கு அது.) பிறகு சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"சம்மந்தி, நல்லா யோசிங்க. ஊர்க்கண்ணு, ஒலகத்துக் கண்ணு, அந்த மெஷின்காரன் கண்ணு, எல்லாம் நம்ம புள்ளைங்க மேல விழ இருந்துச்சு. எல்லாத்தையும் தேங்கா வாங்கிக்கிருச்சு. அதான் கறுத்துப் போச்சு. நாம திருஷ்டி சுத்தி ஒடைக்க வேண்டியத மாப்பிள்ளைக்கு மாமனாரே கையால ஒடைச்சிட்டாரு. இனிமே எது வந்து என்ன செய்யும்?"

சம்பந்தியம்மா அழுகல் தேங்காயைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவருக்கும் இந்தக் கல்யாணம் நடக்கத்தான் வேண்டும் என்பது அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கொம்பைத் தேடிக்கொண்டிருந்தவர், என்னுடைய நிகழ்தகவை எப்படிப் பிடித்துத் தொங்குவார்?

"அப்படியா சம்மந்தி?" என்று என்னிடம் கேட்டார். "நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க. தேங்கா வாங்கிக்கிருச்சா?"

வீடே என்னைப் பார்த்தது. கஜனின் கைபேசி மறுபடி அடித்தது. ஐரோப்பாவின் விஞ்ஞானிகள் சொன்னதற்கு உத்தரவாதம் கொடுக்க மாட்டேன் என்று அரைமணி நேரம் அடம்பிடித்தவன் நான்.

"வாங்கிக்கிருச்சு" என்றேன்.

"முழுசாவா?" என்றார் வேலாயுதம்.

"முழுசா."

"கிட்டத்தட்ட, அப்படி இப்படின்னு ஒண்ணும் இல்லையே?"

"நூற்றுக்கு நூறு" என்றேன். முப்பத்து நாலு வருடத்தில் ஒரு மாணவனுக்கும் நான் போட்டிராத புள்ளி அது. ஒரு அழுகல் தேங்காய்க்குப் போட்டேன்.

சம்பந்தியம்மா மிச்சமிருந்த ஒற்றைத் தேங்காயோடு தட்டை வாங்கிக்கொண்டார். கஜன் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. மெஷினும் ஓடியதாம். சோறு போதவில்லை, உலகம் அழியாததால் எதிர்பார்த்ததைவிட நாற்பத்தாறு பேர் கூடுதலாக வந்துவிட்டார்கள்.

ஆனால் எனக்கு விமோசனம் இல்லை. அந்த மெஷினைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் உடப்புசல்லாவையிலிருந்து போன் வந்துவிடும். "சம்மந்தி, திரும்பப் போடுறாங்களாம். ஒடைச்சிட்டீங்களா?" உடைத்துவிட்டேன் என்று ஒருமுறை பொய் சொல்லிப் பார்த்தேன். சத்தம் கேட்கவேண்டும் என்றார். போனைக் கல் பக்கத்தில் வைத்துத் தேங்காயை உடைத்தேன்.

"எப்படி இருக்கு?"

"நல்ல தேங்காய்."

"ஐயையோ, அப்ப ஒண்ணையும் வாங்கலியே! இன்னொண்ண ஒடைங்க."

போன தடவை மூன்று உடைத்தேன். மூன்றும் பால் மாதிரி வெள்ளை. ஒரு கிழமையாக வீட்டில் தேங்காய்ச் சம்பல்தான். பாக்கியம் என்னோடு பேசவில்லை. மெஷின் ஓடுவதாகச் சொன்ன நாள் போய் மறுநாள் விடிந்ததும் நானே சம்பந்தியம்மாவுக்குப் போன் எடுத்தேன். "பாருங்கள், மூன்றும் நல்ல தேங்காய். ஆனாலும் உலகம் அப்படியே இருக்கிறது. இப்போதாவது விளங்குகிறதா?" என்றேன்.

"எப்படி இல்லாமப் போகும்?" என்றார் அவர். "இங்க நான் ஒடைச்சது அழுகலாத்தானே இருந்துச்சு."