அதிகம்னா எவ்வளவு?

முதல்லயே சொல்லிடறேன், இது மாதவிலக்கு பத்தின கதை. பாருங்க, அதுக்குள்ள ஒருத்தன் போனை எடுத்துட்டான். இன்னொருத்தன் தொண்டையைக் கனைக்கிறான். நீ ஏன்டா கூரையைப் பார்க்கிறே, அங்க என்ன எழுதியா வெச்சிருக்கு? போன வாரம் உன்னோட மூலத்தைப் பத்தி நடுத்தெருவுல நின்னு முக்கால் மணி நேரம் விளக்கின ஆளு நீ. படம் மட்டும்தான் வரையல. உட்காருங்க எல்லாரும். கதை யாரையும் கடிக்காது.

ஒரு ஊர்ல ஒரு எடை அளவு ஆபீஸ். கடைத்தராசு, எடைக்கல், லிட்டர் குவளை, துணிக்கடை மீட்டர் கோல், எல்லாம் அங்க வரணும். சரியா இருந்தா முத்திரை, இல்லேன்னா ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறி விழுந்துட்டா மந்திரியே வந்து நின்னாலும் அதை வெச்சு ஒரு கடுகைக்கூட அளக்க முடியாது. அவ்வளவு கறார்.

உளியும் சுத்தியலும் வெச்சு முத்திரை குத்துறது ஒரு அக்கா. சொந்தப் பேரு சம்பளப் பட்டியல்ல மட்டும் இருக்கு. மத்தவங்களுக்கு முத்திரை அக்கா. இருபது கிலோ கல்லை, பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைக்கிற மாதிரி மேஜையில வைப்பாங்க.

இது ஒன்றரை வருஷத்துக்கு முந்தின கணக்கு. அப்புறம் அக்காவுக்கு மாசத்துல பத்து நாள் ரத்தப்போக்கு. மணிக்கு ஒரு தடவை எழுந்து போகணும். ரெண்டு பேடைச் சேர்த்து வைக்கணும். நாற்காலியில மடிச்ச துண்டு ஒண்ணு. உடுப்புன்னா கறுப்பு. துணிக்கடைக்காரர், "உங்களுக்குக் கறுப்புன்னா ரொம்பப் பிடிக்கும்போல"ன்னதுக்கு, "உசிருங்க"ன்னு சொல்லிட்டு வந்தாங்க. ஆபீஸ் மாடிக்குப் பதினெட்டுப் படி. ஒன்பதாவது படியில நின்னு, யாருமே கூப்பிடாத போனைக் காதுல வெச்சு, "ஆங், சொல்லுங்க, சொல்லுங்க"ன்னு மூச்சு வாங்குவாங்க.

கழிவறைச் சாவி தலைமை குமாஸ்தாவோட மேஜை இழுப்பறையில இருக்கும். கூடவே ஒரு பதிவேடு. போன நேரம், வந்த நேரம், காரணம். காரணத்துல அக்கா "சொந்த வேலை"ன்னு எழுதுவாங்க.

"அக்கா, மத்தியானத்துக்குள்ள ஆறு சொந்த வேலை ஆயிடுச்சு"ன்னு குமாஸ்தா ஒருநாள் சொன்னார். திட்டல. புள்ளிவிவரமாத்தான் சொன்னார்.

"எனக்குச் சொந்தம் ஜாஸ்தி"ன்னாங்க அக்கா.

அவங்களுக்கு இது ஒரு வியாதின்னே தோணல. அவங்க அம்மாவுக்கு இப்படித்தான். பெரியக்காவுக்கு இப்படித்தான். சிலர் வீட்டுல எல்லாருக்கும் மூக்கு நீளமா இருக்கில்ல, அந்த மாதிரி நம்ம வீட்டுக்கு இதுன்னு நினைச்சுட்டாங்க.

ஒரு நாள் அஞ்சு கிலோ கல்லைத் தூக்கினவங்களுக்குக் கண்ணு இருட்டிடுச்சு. கல்லு நழுவி அதிகாரியோட ஷூவுக்கு நாலு விரல்கடை தள்ளி விழுந்துச்சு. அதிகாரி பதறிப்போய்க் கீழே குனிஞ்சு, கல்லுக்கு அடி பட்டிருக்கான்னு பார்த்தார். அப்புறம் விபத்துப் படிவத்துல "காரணம்"னு ஒரு கட்டம் காலியா கிடக்கிறதைப் பார்த்துட்டு, "டாக்டரைப் பார்த்துட்டு ஒரு காரணம் வாங்கிட்டு வாங்கம்மா"ன்னு அனுப்பி வெச்சார்.

டாக்டரம்மா கேள்வியை அடுக்கினாங்க.

"எவ்வளவு நேரத்துக்கு ஒண்ணு மாத்தறீங்க?"

"ஒரு மணி நேரம். ரெண்டாவது நாள்னா அதுகூடத் தாங்காது."

"கட்டி கட்டியா வருதா?"

"வருது. பெரிய காசு அளவுக்கு."

"ஏழு நாளைக்கு மேல போகுதா? தூக்கத்துல எழுந்து மாத்தறீங்களா? மூச்சு வாங்குதா?"

"எல்லாம்தான். எல்லாருக்கும் அப்படித்தானே டாக்டர்?"

"யாரு எல்லாரும்?"

"எங்க அம்மா. எங்க பெரியக்கா."

"அவங்க யாரையாவது கேட்டாங்களா?"

அக்கா யோசிச்சாங்க. அம்மா யாரையும் கேட்கல. அம்மாவைப் பார்த்துப் பெரியக்கா கேட்கல. பெரியக்காவைப் பார்த்து இவங்க கேட்கல. மூணு பேரும் சேர்ந்து கேட்காம இருந்ததுக்குப் பேருதான் "எல்லாருக்கும்".

ரத்தம் எடுத்துப் பார்த்தா, பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறரை இருக்கு. டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டிட்டாங்க. "இந்த உடம்போட இருபது கிலோ தூக்கறீங்களா? வியாழக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்துடுங்க. ரத்தம் ஏத்தணும், ஸ்கேன் பார்க்கணும். மூணு நாள். இதைத் தள்ளிப் போட்டீங்கன்னா அடுத்த தடவை விழப்போறது கல்லு இல்ல, நீங்க."

"கர்ப்பப்பையை எடுத்துடுவீங்களா டாக்டர்?"

"வீட்டுல குழாய் ஒழுகினா உடனே வீட்டை இடிச்சுடுவீங்களா? ஏன் போகுதுன்னு முதல்ல பார்க்கணும். கட்டி இருக்கலாம், ஹார்மோன் கோளாறா இருக்கலாம். அந்த நாள்ல மட்டும் போடற மாத்திரை இருக்கு, உள்ளே வெச்சா வருஷக்கணக்கா வேலை செய்யற சாதனம் இருக்கு, இரும்புச்சத்து இருக்கு. வழி நிறைய இருக்கும்மா. வந்து கேட்கத்தான் ஆளைக் காணோம்."

"எவ்வளவு போனா அதிகம்னு கணக்கு டாக்டர்? எங்க ஆபீஸ்ல கேட்பாங்க."

"உங்க வேலையை, தூக்கத்தை, நடமாட்டத்தை அது தடுக்குதுன்னா அதிகம். அவ்வளவுதான் அளவு."

"அளவுக்கு மீறிய மாதவிடாய் ரத்தப்போக்கு, மூன்று நாள் விடுப்பு தேவை"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. அன்னிக்குத் திங்கட்கிழமை.

அதிகாரி சீட்டை ரெண்டு தடவை படிச்சார். தப்பா நினைக்காதீங்க, நல்ல மனுஷன். அந்த வார்த்தையைப் பார்த்ததும் மரியாதையா மின்விசிறியைப் பார்த்தார்.

"அம்மா, நம்ம துறையில 'அதிகம்'னு ஒரு சொல்லே கிடையாது. ஒரு கடைக்காரன் வந்து, கொஞ்சம் அதிகமாத்தான் போட்டேன்னு சொன்னா விடுவோமா?"

"விடமாட்டோம் சார்."

"எவ்வளவு அதிகம், எதைவிட அதிகம், அளந்தது யாருன்னு கேட்போமா மாட்டோமா?"

"கேட்போம் சார். நான் வியாழக்கிழமை போகணும்."

"அதுக்குள்ள அளந்துடலாம்."

அன்னிக்குச் சாயந்தரமே ஆணை வந்துடுச்சு. "மிகை உதிரப்போக்கு நிலையளவு நிர்ணய உயர்மட்டக் குழு." தலைவர், அதிகாரி. செயலர், தலைமை குமாஸ்தா. வல்லுநர், ஜீப் ஓட்டுநர்.

"சார், நான் எதுக்கு?"ன்னார் ஓட்டுநர்.

"உனக்கு மூணு பொண்ணுங்க இருக்காங்கல்ல?"

"இருக்காங்க சார். ஆனா இதுல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அதான் வேணும். தெரிஞ்சவங்க ஒருதலைப்பட்சமா பேசுவாங்க."

செவ்வாய்க்கிழமை குழு கூடுச்சு. மேஜையில மூணு கம்பெனி பேடு, துறைக்குச் சொந்தமான நூறு மில்லி பித்தளைக் குவளை, ஒரு பாட்டில் மை.

"இதுக்கு எதுக்குய்யா இறக்கை?"ன்னு ஒரு பேடோட ரெண்டு பக்க மடிப்பையும் விரிச்சுப் பிடிச்சுக் கேட்டார் தலைவர். வல்லுநர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இறக்கை இருப்பது தெரியவந்தது; நோக்கம் பின்னர் ஆராயப்படும்"னு செயலர் குறிச்சுக்கிட்டார்.

மை நீலமா இருந்துச்சு. ரத்தம் சிவப்பாச்சேன்னு வல்லுநர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"டிவி விளம்பரம் பார்த்ததில்லையா? உலகம் பூரா நீலம்தான் ஊத்தறாங்க"ன்னார் தலைவர். உலகத்தரம் நீலம்னு முடிவாச்சு.

ஊத்தினாங்க. ஒரு பேடு குடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இன்னொண்ணு துப்பிடுச்சு. மூணாவது பிரிஞ்சு வெறும் பஞ்சாயிடுச்சு. சராசரி எடுக்கறதுன்னு தீர்மானம். கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா சாவிக்காக நின்னுக்கிட்டிருந்தாங்க. செயலர் குழுவுல இருக்கிறதால இழுப்பறை பூட்டிக் கிடந்துச்சு. கூட்டத்தைக் கலைக்க வேண்டாமேன்னு அவங்க பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்து போயிட்டு வந்தாங்க, சுவரைப் பிடிச்சுக்கிட்டே.

நேரமும் எப்படி அமைஞ்சுது பாருங்க, அதே வாரம் தலைமையகத்துல இருந்து சுற்றறிக்கை. "தயக்கம் உடைப்போம் வாரம்." அப்போ அதுதான் நாகரிகம். எல்லாரும் கன்னத்துல சிவப்புப் பொட்டு வெச்சுப் படம் போடணும். அதிகாரி மை ஊத்தற படம் இணையத்துல ஏறி, ஊரே கொண்டாடுச்சு. "இப்படியும் ஒரு ஆண் அதிகாரி"ன்னு ஒருத்தர் கண்ணீர் விடற பொம்மை போட்டார். மத்த ஆபீஸ்லயும் மை தீர்ந்து போச்சு.

புதன்கிழமை காலையில "மாதவிடாய் வாழ்வியல் வழிகாட்டி"ன்னு ஒரு தம்பி வந்தார். கசங்கின சட்டையை அவ்வளவு அழகா கசக்கியிருந்தார். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, "உங்க ஓட்டத்தோட நட்பா இருங்க"ன்னார்.

"நட்பாத்தான் தம்பி இருக்கேன்"னாங்க அக்கா. "அது கிளம்பவே மாட்டேங்குது."

அவர் அதுக்கும் கைதட்டச் சொல்லிட்டார்.

மத்தியானம் குழு அறிக்கை தயார். ஒரு நிலையலகுக்கு இத்தனை மில்லி, இத்தனை அலகுக்கு மேல போனா மிகைன்னு நாற்பது பக்கம். அக்கா கேட்டாங்க, "அப்போ விடுப்பு உண்டா சார்? நாளைக்கு ஒன்பது மணிக்கு."

"ஒரே ஒரு சின்ன விஷயம்"னார் குமாஸ்தா. "அளக்கிற குவளைக்கு இந்த வேலைக்குன்னு முத்திரை வேணும். முத்திரை இல்லாத அளவைக் கருவி செல்லாது."

"குத்திடறேன். குடுங்க."

"நீங்க விண்ணப்பதாரராச்சே. தன் விஷயத்துல தானே முத்திரை குத்தறது விதிப்படி தப்பு. மாற்று ஆள்தான் குத்தணும்."

"மாற்று ஆள் எப்ப வருவார்?"

"நீங்க விடுப்புல போனா வருவார்."

"நான் எப்ப விடுப்புல போகலாம்?"

"குவளைக்கு முத்திரை விழுந்ததும் போகலாம்."

அதிகாரி ஒரு தாள்ல வட்டம் போட்டுப் பார்த்தார். நல்ல வட்டம், எங்கயும் இடைவெளியே இல்லை.

"சுருக்கமாச் சொல்லுய்யா"ன்னார்.

"விடுப்பு குடுத்தா விடுப்பு குடுக்கலாம் சார்"னார் குமாஸ்தா.

அக்கா மெதுவா நாற்காலியில உட்கார்ந்தாங்க. உதடு வெளுத்திருந்துச்சு. அவங்க கோபப்படல. கோபப்படறதுக்கும் ரத்தம் வேணுமில்ல. ஆனா பதினாறு வருஷம் அந்த விதிப் புத்தகத்தோட குடும்பம் நடத்தினவங்க அவங்க.

"சார், எனக்குச் சாதகமாத்தான் நான் முத்திரை குத்தக்கூடாது. பாதகமா ஒரு முடிவு எடுக்கலாமா?"

குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டினார். "எடுக்கலாம். தனக்குத்தானே நஷ்டம் பண்ணிக்க ஊழியருக்கு முழு உரிமை உண்டு."

"அப்படின்னா அந்தக் குவளையைச் சோதனைக்குக் குடுங்க."

குவளை வந்துச்சு. அக்கா ஜன்னல் வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தாங்க. உள்பக்கம் பூரா நீலம்.

"கறை இருக்கு சார். கறை படிஞ்ச அளவை தள்ளுபடி. விதி ஏழு."

யாரும் யோசிக்கறதுக்குள்ள உளியை வெச்சு ரெண்டே அடி. பித்தளையில பளிச்சுன்னு பெருக்கல் குறி.

"என்னம்மா, இருந்த ஒரே குவளையையும் கெடுத்துட்டீங்க"ன்னார் அதிகாரி. "உங்க விண்ணப்பத்தை இனி எப்படி அளக்கிறது?"

"அளக்க முடியாது சார். அளவை இல்லாம நிர்ணயக் குழு கூடினா அது சட்டவிரோதக் கூட்டம். குழு இல்லாட்டி விண்ணப்பம் வழக்கமான வழிக்குத் திரும்பிடும்."

அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்தார். "வழக்கமான வழி என்னய்யா?"

"டாக்டர் சீட்டுல நீங்க கையெழுத்துப் போடறது சார்."

"அதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"பேனா இருந்தா உடனே."

இருந்துச்சு. போட்டார். வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கு அக்கா ஆஸ்பத்திரி பெஞ்சுல இருந்தாங்க. ரெண்டு பை ரத்தம் ஏறுச்சு. ஸ்கேன்ல சின்னதா ஒரு கட்டி. மாத்திரை, இரும்புச்சத்து, மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்னாங்க. அதைக் கேட்டுட்டு வெளிய வந்து பெரியக்காவுக்குப் போன் போட்டாங்க. "நீயும் வந்து காட்டு. நமக்கு இருக்கிறது மூக்கு இல்லடி"ன்னாங்க. பெரியக்காவுக்கு ஒண்ணும் புரியல, ஆனா மறுநாள் வந்துட்டாங்க.

அதிகாரிக்குத் தலைமையகத்துல பாராட்டுப் பத்திரம். "தயக்கம் உடைத்த தலைவர்." ஏத்துக்கிட்டு அரை மணி நேரம் பேசினார். அந்த அரை மணியில மாதவிலக்குங்கிற வார்த்தையை மட்டும் எங்கயும் இடிச்சுக்காம ஓட்டிட்டுப் போயிட்டார்.

அக்கா வேலைக்குத் திரும்பின அன்னிக்குக் கணக்குப் பிரிவுப் பொண்ணு வந்து, "டாக்டர் எத்தனை மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு கேட்டாங்க?"ன்னு காதுல கேட்டுச்சு. அப்புறம் துப்புரவு அம்மா. அப்புறம் தட்டச்சு அம்மா. எல்லாரும் ஒரே மாடிப்படியில வருஷக்கணக்கா ஏறி இறங்கினவங்க.

கடைசியா தலைமை குமாஸ்தா. சும்மா ஒரு ஃபைலைக் கையில வெச்சுக்கிட்டு நின்னார்.

"அந்த டாக்டர் விலாசம் வேணும்."

"யாருக்குங்க?"

"வீட்டுல. நாற்பது பக்க அறிக்கையைப் பெருமையா காட்டினேன். படிச்சுட்டு, 'இதுதான் அதிகமா? அப்போ எனக்கு இருக்கிறதுக்குப் பேரு என்ன?'ன்னு கேட்டா. பதினோரு வருஷமாம்."

"நீங்க இத்தனை நாளா கேட்கலையா?"

"அவ பதிவேட்டுல எழுதலையே"ன்னார். சிரிக்கல. அவருக்கு அது பதில்தான்.

டேய், நிமிர்ந்து பாருங்க. இப்ப சிரிக்கிறீங்க, அந்த ஆளைப் பார்த்து. உங்க வீட்டுல போய்க் கேட்டுட்டு வந்து சிரிங்க.

நான் கேட்டேனான்னுதானே பார்க்கிறீங்க? அந்த ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தட்டிக்கிட்டிருந்தவன் நான்தான். அதிகாரி மை ஊத்தற படத்தை எடுத்ததும் நான்தான். திறந்த கதவு வழியா பின்னாடி அக்கா சுவர்ல சாய்ஞ்சு நின்னது அதுல தெளிவா விழுந்திருந்துச்சு. முகம் வெள்ளைத்தாள் மாதிரி. படம் கெட்டுப் போகுதேன்னு அந்த ஓரத்தை வெட்டிட்டுப் போட்டேன். நாலாயிரம் பேருக்குப் பிடிச்சுது. வெட்டறதுக்கு முன்னாடி அவங்களைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். என்னக்கா ஆச்சுன்னு நான் கேட்கல.